லடாக்கின் குளிர்காலத்தில் பனிச்சிறுத்தையைத் தேடுவது எப்படி

பனிச்சிறுத்தையை நடந்து போய்த் தேட முடியாது. நீங்கள் அதைப் பார்ப்பதற்கு வெகுநேரம் முன்பே அது உங்களைப் பார்த்திருக்கும். பாறைக்குப் பின்னால் ஒதுங்கியிருக்கும். லடாக்கில் அதைக் கண்டுபிடித்துக் காட்டும் உள்ளூர்க்காரர்கள் நல்ல இடமாகப் பார்த்து விடியுமுன்பே போய் உட்கார்ந்துவிடுகிறார்கள். எதிரே உள்ள மலையை அங்குலம் அங்குலமாகத் தொலைநோக்கியால் துழாவுகிறார்கள். பயணத் திட்டம், உடை, கருவி, சாப்பாட்டு நேரம் எல்லாமே இப்படி உட்கார்வதற்கு ஏற்றபடி அமைந்தால்தான் வாய்ப்பு உண்டு. மைனஸ் 15 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் ஒரே இடத்தில் இருக்க உடம்பு ஒத்துழைக்க வேண்டும். அதனால் தேடும் முறைக்கு முன்னால் உடம்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

எப்போது, எங்கே, எத்தனை நாள்

ஜனவரி கடைசி முதல் மார்ச் நடுப்பகுதி வரை ஏற்ற காலம். இதற்கு இரண்டு காரணங்கள். உயரத்தில் பனி மூடியதும் பாரல் என்ற காட்டு ஆடுகள் புல் தேடிக் கீழே இறங்கும். பின்னாலேயே சிறுத்தையும் இறங்கும். அதோடு இதுதான் அதன் இணைசேரும் பருவம். ஆணும் பெண்ணும் அதிகம் நடமாடும், அதிகம் குரல் கொடுக்கும், பாறைகளில் அடிக்கடி அடையாளம் இடும். ஜனவரியில் குளிர் மிகக் கடுமை; இரவில் மைனஸ் 20-க்கும் கீழே போகும். முதன்முறை போகிறவர்களுக்கு பிப்ரவரி கடைசி இரண்டு வாரங்களையே பரிந்துரைக்கிறோம். அப்போதும் குளிர் உண்டு, ஆனால் பகல் கொஞ்சம் நீண்டிருக்கும்.

இந்தியாவில் 2019 முதல் 2023 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பு 718 பனிச்சிறுத்தைகள் இருப்பதாக மதிப்பிட்டது. அதில் 477 லடாக்கில். எண்ணிக்கை பெரிதாகத் தோன்றினாலும் நிலப்பரப்பு அதைவிடப் பெரியது. ஹெமிஸ் தேசியப் பூங்கா மட்டுமே சுமார் 4,400 சதுர கிலோமீட்டர். ஒரு பள்ளத்தாக்கை இரண்டு மூன்று விலங்குகள் பயன்படுத்தலாம்; ஆனால் இன்று அவை அங்கே இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது.

பெரும்பாலோர் போவது ஹெமிஸ் பூங்காவுக்குள் இருக்கும் ரும்பாக் பள்ளத்தாக்குக்கு. லடாக்கின் முக்கிய நகரமான லேவிலிருந்து சிந்து நதியைக் கடந்து ஜிங்சென் வழியாகப் போக வேண்டும். கிராமம் ஏறத்தாழ 4,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வண்டி எதுவரை போகும் என்பதைப் பனிதான் முடிவு செய்யும், மிச்சம் நடை. சுமைக்குக் குதிரையோ கழுதையோ கிடைக்கும். பள்ளத்தாக்கு குறுகலாக இருப்பதால் சரிவுகள் அருகிலேயே தெரியும். கிளைப் பள்ளங்கள் பல திசைகளில் பிரிவதால் ஒரே இடத்திலிருந்து நிறையப் பார்க்கலாம்.

லேவுக்கு மேற்கே ஷாம் பகுதியில் உள்ள உலே இன்னொரு நல்ல தேர்வு. வண்டி வீட்டு வாசல் வரை போகும், இரையில் ஐபெக்ஸ் ஆடுகள் அதிகம், சரிவுகள் அகலமானவை. முழங்கால் வலி உள்ளவர்களுக்கும் வயதான பெற்றோருடன் போகிறவர்களுக்கும் உலேதான் பொருத்தம். இமாச்சலத்தின் ஸ்பிதியில் உள்ள கிப்பரிலும் நன்றாகப் பார்க்க முடிகிறது. அங்கே சிம்லாவிலிருந்து கின்னௌர் வழியாகச் சாலையில் படிப்படியாக ஏறலாம் என்பதால் உடம்பு பழகுவது எளிது. பனி கொட்டினால் சாலையிலேயே இரண்டு நாள் மாட்டிக்கொள்ளும் அபாயமும் உண்டு.

நாட்கணக்கு: லேவில் மூன்று இரவு, பள்ளத்தாக்கில் குறைந்தது ஏழு முழு நாள், கடைசியில் லேவில் ஒரு உபரி நாள். பனி, மேகம் காரணமாக லே விமானங்கள் ரத்தாவது குளிர்காலத்தில் சாதாரணம். திரும்பிய மறுநாளே அலுவலகம் போகும்படி டிக்கெட் போடாதீர்கள். நான்கு நாளில் பார்த்துத் திரும்பியவர்களும் உண்டு. ஆனால் நான்கு நாள் திட்டத்தில் ஒரு நாள் பனிமூட்டம் வந்தாலே கால்வாசி போய்விடும்.

உயரம்

லே 3,500 மீட்டர். தொட்டபெட்டா உச்சியே 2,637 மீட்டர்தான். கடல் மட்டத்தில் காலைக் காபி குடித்த சென்னைக்காரர் மறுநாள் காலை தொட்டபெட்டாவைவிட ஏறக்குறைய 900 மீட்டர் கூடுதல் உயரத்தில் விமானத்திலிருந்து இறங்குகிறார். எவ்வளவு திடமான உடம்பாக இருந்தாலும் அதற்கு நேரம் கொடுத்தே ஆக வேண்டும். தினமும் ஓடுகிறவர்களும் பாதிக்கப்படுகிறார்கள். முதல் நாளே ஊர் சுற்றக் கிளம்பிவிடுவதால் அவர்களே அதிகம் பாதிக்கப்படுகிறார்கள் என்றும் சொல்லலாம்.

முதல் 24 மணி நேரம் அறையிலேயே இருங்கள். இரண்டாம் நாள் சமதளத்தில் மெதுவாக நடக்கலாம். மூன்றாம் நாள் வண்டியில் போய் சிந்து நதிக்கரையில் பைனாகுலரைப் பழகுங்கள். உடம்புக்கும் கண்ணுக்கும் அது நல்ல ஒத்திகை. ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் வரை நீராகாரம், கொஞ்சம் கொஞ்சமாக. மது வேண்டாம். தூக்க மாத்திரையும் கூடாது. அது மூச்சின் வேகத்தைக் குறைக்கும்.

அசிட்டசோலமைடு என்ற மாத்திரையை, டயமாக்ஸ் என்ற பெயரில் கிடைப்பது, தடுப்பாக 125 மில்லிகிராம் வீதம் காலை மாலை இருவேளை, ஏறுவதற்கு முந்தைய நாளே தொடங்குவது வழக்கம். சல்ஃபா மருந்து ஒவ்வாமை உள்ளவர்களுக்கும் சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்களுக்கும் இது ஆகாமல் போகலாம். ஊரிலேயே மருத்துவரைக் கேட்டுவிட்டு வாருங்கள். விரல் நுனி மரத்துப்போவதும் அடிக்கடி சிறுநீர் வருவதும் மாத்திரையின் விளைவுகள், பயப்பட வேண்டாம்.

தலைவலி, குமட்டல், பசியின்மை, தூக்கமின்மை இருந்தால் அதற்கு மேல் ஏறக் கூடாது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவதும், இருமலோடு நெஞ்சில் கொரகொரப்பதும், நேர்க்கோட்டில் குதிகாலையும் விரலையும் ஒட்டி வைத்து நடக்க முடியாமல் தள்ளாடுவதும் உயிருக்கே ஆபத்தான அறிகுறிகள். நள்ளிரவானாலும் உடனே கீழே இறக்க வேண்டும். லேவில் சோனம் நோர்பு நினைவு மருத்துவமனை இருக்கிறது. தங்கும் இடத்தில் ஆக்சிஜன் சிலிண்டர் உண்டா, அது நிரம்பியிருக்கிறதா என்று வந்த அன்றே பாருங்கள். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் எண்ணை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். குளிர்ந்த விரலில் அது தப்பாகக் காட்டும். ஆளின் நிலைதான் முக்கியம்.

உட்கார்வதற்கான உடை

மலையேறுகிறவர் உடம்பு அசைவால் சூடாகும். நீங்கள் அசையப் போவதில்லை. எனவே மலையேற்றக் கடைக்காரர் சொல்வதைவிட ஒரு அடுக்கு கூடுதலாக வேண்டும். உடம்பை ஒட்டி மெரினோ கம்பளி அல்லது செயற்கை இழைத் தெர்மல், அதன் மேல் ஃப்ளீஸ், அதன் மேல் பறவையின் மெல்லிறகு அடைத்த மெல்லிய டவுன் ஜாக்கெட், எல்லாவற்றுக்கும் மேல் தொடை வரை வரும் கனமான டவுன் ஜாக்கெட். காலுக்கும் இரண்டு அடுக்கும் காற்றுப் புகாத மேல் பேண்ட்டும். பருத்தி பனியன் வேண்டவே வேண்டாம். ஏறும்போது வியர்த்து நனைந்தால் உட்கார்ந்த பத்தாவது நிமிடத்தில் நடுக்கம் தொடங்கிவிடும். அதனால்தான் பார்வையிடத்துக்கு ஏறும்போது கனமான ஜாக்கெட்டைப் பையில் வைத்துக்கொண்டு, போய்ச் சேர்ந்ததும் போட வேண்டும்.

பாதம்தான் முதலில் தோற்கும். இறுக்கமான ஷூவுக்குள் இரண்டு மூன்று சாக்ஸைத் திணித்தால் இரத்த ஓட்டம் தடைப்பட்டு விரல் இன்னும் சில்லிடும். ஷூ ஒரு அளவு பெரிதாக இருக்கட்டும். ஒரு மெல்லிய சாக்ஸ், ஒரு தடித்த கம்பளி சாக்ஸ் போதும். உட்காரவும் காலை வைக்கவும் ஃபோம் பாய்த் துண்டு இரண்டு கொண்டுபோங்கள். ஐம்பது ரூபாய்ப் பொருள் என்றாலும், விலை உயர்ந்த ஜாக்கெட் செய்யாததை அது செய்யும். குளிர் பாதி தரையிலிருந்துதான் ஏறுகிறது. கைக்கு மெல்லிய உள்ளுறையும் அதன் மேல் விரல் பிரியாத தடித்த உறையும். நம் ஊர் மங்கி கேப் இங்கே மிக நல்ல உடை. தயங்காமல் எடுத்து வாருங்கள். நிறம் சாம்பல், பழுப்பு, மங்கிய பச்சை. சிவப்பும் பளிச்சென்ற நீலமும் ஊருக்குள் போதும். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கறுப்புக் கண்ணாடி கட்டாயம். பனியில் பட்டுத் திரும்பும் வெயில் ஒரே நாளில் கண்ணைப் புண்ணாக்கி, மீதி நாட்களைப் பாழாக்கிவிடும்.

கருவிகள்

ஒவ்வொருவருக்கும் சொந்தமாக ஒரு பைனாகுலர் வேண்டும். 8×42 அல்லது 10×42. கை நடுங்குகிறவர்களுக்கு 8 தான் நல்லது. கணவன் மனைவிக்கு ஒன்று போதும் என்று வந்தால் ஒருவர் எப்போதும் கைகட்டி உட்கார்ந்திருப்பார். லேவிலேயே அதைச் சரிசெய்துகொள்ளுங்கள்: முதலில் இரு குழல்களின் இடைவெளி, பிறகு வலது கண்ணை மூடி நடுச் சக்கரத்தால் இடது கண்ணுக்குத் துல்லியமாக்குங்கள், பிறகு இடது கண்ணை மூடி வலப்பக்க வளையத்தைத் திருப்புங்கள். இதைச் செய்யாமல் மணிக்கணக்கில் பார்த்தால் தலைவலி வரும். அதை உயரத்தால் வந்த தலைவலி என்று நினைத்துக் கலங்குவீர்கள்.

ட்ரைபாட் மேல் வைத்து ஒரு கண்ணால் பார்க்கும் தொலைநோக்கியான ஸ்பாட்டிங் ஸ்கோப்பைப் பெரும்பாலும் கைடுகளே கொண்டு வருவார்கள். 65 முதல் 85 மில்லிமீட்டர் முகப்பு, 20 முதல் 60 மடங்கு உருப்பெருக்கம். நான்கு பேருக்கு ஒன்றாவது இருக்க வேண்டும். தேடும்போது 20 முதல் 30 மடங்கிலேயே வையுங்கள். 60-க்குத் திருகினால் பார்வைப் பரப்பு சுருங்கும், படம் இருளும், காற்றில் ஆடும். கண்டுபிடித்த பிறகு உற்றுப் பார்க்கத்தான் அது. ட்ரைபாட் கனமானதாகவும், தலைப்பகுதி தடங்கலின்றி மெதுவாகத் திரும்புவதாகவும் இருக்கட்டும். வெறும் கையால் உலோகக் காலைத் தொட முடியாது, ஃபோம் சுற்றிக்கொள்ளுங்கள்.

பெரும்பாலான காட்சிகள் 300 மீட்டர் முதல் ஒரு கிலோமீட்டர் தூரத்தில்தான் கிடைக்கும். 600 மில்லிமீட்டர் லென்ஸிலும் படம் சின்னதாகவே வரும். ஸ்கோப்போடு அலைபேசியை இணைக்கும் தாங்கி ஒன்று வாங்கி, வீட்டு மொட்டை மாடியிலேயே பழகி வந்தால் பயனுள்ள வீடியோ எடுக்கலாம். பேட்டரிகள் மூன்று; இரண்டு எப்போதும் உள்சட்டைப் பையில். சில்லிட்டுச் செத்ததுபோல் இருக்கும் பேட்டரி உடம்புச் சூட்டில் மீண்டும் கொஞ்சம் வேலை செய்யும்.

குளிரிலிருந்து சூடான அறைக்குள் கேமராவை அப்படியே கொண்டுபோனால் உள்ளே ஈரம் படியும். வெளியிலேயே காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் மூடி, அறைக்குள் இரண்டு மணி நேரம் திறக்காமல் வையுங்கள். ஸ்கோப்பை அடுப்பு எரியும் அறைக்குக் கொண்டுபோகவே வேண்டாம். கண்வில்லையில் உங்கள் மூச்சுப் பட்டு உறைந்தால் விரலால் தேய்க்காதீர்கள். மூடியைப் போட்டு உள்ளங்கையால் கொஞ்ச நேரம் பொத்தி வைத்தால் கரையும்.

ஒன்றை மறந்துவிடக் கூடாது: தமிழ்நாட்டு ப்ரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது. போஸ்ட்பெய்டு வேண்டும். அதுவும் பள்ளத்தாக்குக்குள் எடுக்காமல் போகலாம்.

மலையைத் துழாவும் முறை

பிப்ரவரியில் லேவில் சூரியன் ஏழு மணியளவில் உதிக்கிறது. அதற்கு அரை மணி முன்பே நீங்கள் பார்வையிடத்தில் இருக்க வேண்டும். தேநீர் பிளாஸ்க்கில், காலைச் சாப்பாடு ஒன்பதரைக்கு மேல். முதலில் சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று ஒரு குழு முடிவு செய்தால், அந்த நாளின் சிறந்த நேரத்தைச் சமையலறையில் கழித்துவிட்டது என்றே அர்த்தம்.

பார்வையிடம் என்பது குறைந்தது மூன்று முகடுகளும் இரண்டு கிளைப் பள்ளங்களும் தெரியும் மேடு. உச்சிக்குப் போக வேண்டாம். வானத்தை ஒட்டி உங்கள் உருவம் தெரியும். பின்னால் பாறையோ சரிவோ இருக்கும்படி உட்காருங்கள்.

முதல் பதினைந்து நிமிடம் வானமும் மலையும் சந்திக்கும் கோட்டை மட்டும் பாருங்கள். இரவெல்லாம் நடமாடிய சிறுத்தை முகட்டு வழியே திரும்புவது இந்த நேரத்தில்தான். வெளிர்வானத்தில் நடக்கும் உருவம் வெறும் பைனாகுலரிலேயே தெரிந்துவிடும். உடம்பளவு நீளமான தடித்த வால் தாழ்ந்து தொங்கி நுனியில் மேல்நோக்கி வளைந்திருக்கும். வெளிச்சம் கூடக் கூட இந்த வாய்ப்பு குறையும்.

அடுத்து இரையைக் கண்டுபிடியுங்கள். பாரல், நம் வரையாட்டைப் போலச் செங்குத்துப் பாறைகளை நம்பி வாழும் விலங்கு. எத்தனை கூட்டம், எங்கே, என்ன செய்கின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். இனி அரை மணிக்கு ஒருமுறை அவற்றைத் திரும்பிப் பார்ப்பது உங்கள் வேலை. சிதறி மேய்ந்துகொண்டிருந்தால் அருகில் ஆபத்தை அவை உணரவில்லை. எல்லாத் தலைகளும் ஒரே பக்கம் திரும்பி, ஆடுகள் நெருங்கி நின்று, கூர்மையான எச்சரிக்கைக் குரல் கேட்டால், அவை பார்க்கும் திசையில் ஸ்கோப்பைத் திருப்புங்கள். முதலில் அங்கே ஊர் நாய்களோ, குதிரைக்காரரோ, இன்னொரு பயணிக் குழுவோ இல்லை என்று உறுதி செய்யுங்கள். பாதி எச்சரிக்கைகள் அவர்களால்தான். ஆடுகள் ஓடாமல் நின்று முறைப்பது நல்ல அறிகுறி. பதுங்கித் தாக்கும் விலங்கு கண்ணில் பட்டுவிட்டால், அதைப் பார்வையிலேயே வைத்திருப்பதுதான் அவற்றுக்குப் பாதுகாப்பு.

அதன் பிறகு பட்டை பட்டையாகத் துழாவல். சரிவின் மேல் இடது மூலையில் தொடங்குங்கள். ஒரு பார்வை வட்டத்தில் ஐந்து நொடி நில்லுங்கள். கண்ணை அந்த வட்டத்துக்குள் நடுவிலிருந்து ஓரம் வரை நகர்த்துங்கள். பிறகு மூன்றில் ஒரு பங்கு மேற்படியும்படி வலப்பக்கம் நகருங்கள். முடிவில் ஒரு பட்டை கீழே இறங்கி, வலமிருந்து இடமாக வாருங்கள். ஒரு சரிவு முடிய இருபது நிமிடம் ஆகலாம். ஓடிக்கொண்டே இருக்கும் கண்ணுக்குப் படுத்திருக்கும் விலங்கு தெரியாது. நிற்கிற கண்ணுக்குத்தான் காது அசைவதும் வால் நுனி புரள்வதும் தெரியும்.

எதைத் தேட வேண்டும்? புள்ளிகளை இல்லை. அந்தத் தூரத்தில் புள்ளிகள் பாறையின் நிறத்தோடு கலந்துவிடும். பிளவுபட்ட கரடுமுரடான பாறைகளுக்கு நடுவே வளைவான, மென்மையான விளிம்பைத் தேடுங்கள். வெளிர்சாம்பலில் லேசாகப் பழுப்பேறிய திட்டு, சிறிய உருண்டைத் தலை, பாறை விளிம்பிலிருந்து தொங்கும் கயிறு போன்ற வால். பகலில் அது படுக்கும் இடங்கள் பெரும்பாலும் மூன்று வகை: செங்குத்துப் பாறையின் அடிவாரம், அதன் நடுவில் இருக்கும் திட்டு, கீழே பள்ளம் முழுக்கத் தெரியும்படியான பாறைக் கூரையின் நிழல். இவற்றுக்கு இருமடங்கு நேரம் கொடுங்கள். சந்தேகமான கல் எதையும் ஒதுக்கிவிடாமல் குறித்து வைத்து, ஐந்து நிமிடம் கழித்து மறுபடியும் பாருங்கள்.

ஒரே சரிவை மூன்று வெளிச்சங்களில் பார்க்க வேண்டும்: நிழலில், பக்கவாட்டு வெயிலில், நேர் வெயிலில். காலையில் வெறும் கல்லாகத் தெரிந்தது மாலையின் சாய்வு வெயிலில் தலை நிமிர்த்தும். காலை பத்தரைக்கு மேல் தரை சூடாகிக் கானல் எழும்; ஸ்கோப்பில் எல்லாம் நெளியும். கண்ணைக் குறை சொல்லாதீர்கள். உருப்பெருக்கத்தைக் குறையுங்கள், அல்லது அந்த நேரத்தைச் சாப்பாட்டுக்கும் தடம் பார்ப்பதற்கும் ஒதுக்குங்கள். பிற்பகல் மூன்று முதல் இருட்டும் வரை மறுபடியும் நல்ல நேரம். குளிர் ஏறுகிறது என்று ஐந்து மணிக்கு மூட்டை கட்டுகிறவர்கள் நிறைய இழக்கிறார்கள்.

பறவைகளையும் கவனியுங்கள். மேக்பைகளும் அண்டங்காக்கைகளும் ஒரே இடத்தில் கூடிக் கத்தினால் அங்கே இரை விழுந்திருக்கலாம். பிணந்தின்னிக் கழுகுகள் இறங்காமல் மேலே பாறையில் காத்திருந்தால், கீழே யாரோ இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். பெரிய ஆட்டைக் கொன்ற சிறுத்தை தொந்தரவு இல்லாவிட்டால் மூன்று நான்கு நாள் அருகிலேயே இருக்கும். இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது. கெடுத்துக்கொள்வதும் எளிது: ஒருவர் கிட்டப் போனால் போதும்.

தடங்கள் சொல்வது

கால்தடம் வட்டமானது, நான்கு விரல், நகம் பதியாது, நடுத்தட்டின் பின்விளிம்பில் மூன்று மடிப்பு. நீளம் ஒன்பது பத்து சென்டிமீட்டர். ஓநாய், நாய்த் தடங்கள் நீள்வட்டம்; நகம் பதியும். லின்க்ஸ் என்ற காட்டுப்பூனையின் தடமும் நகமில்லாத வட்டம்தான், ரோமம் அடர்ந்திருப்பதால் விளிம்பு மங்கலாக இருக்கும். ஒரே ஒரு தடத்தை வைத்து முடிவு சொல்லாமல் நடைவரிசையைப் பாருங்கள். வெயில் பட்ட தடம் கரைந்து விரியும். நேற்றைய நரித்தடம் இன்று சிறுத்தையுடையதாகத் தோன்றுவது இப்படித்தான். விளிம்பு கூர்மையாக, உள்ளே உறைபனிப் படிகம் இல்லாமல் இருந்தால் அது இன்று அதிகாலை விழுந்தது.

பாதையோரம், முகட்டின் கழுத்துப் பகுதி, இரு ஓடைகள் சேரும் மூலை ஆகிய இடங்களில் பின்னங்கால்களால் கீறிய பள்ளத்தைத் தேடுங்கள். ஏறக்குறைய ஒரு சாண் நீளம். ஒரு முனையில் மண் குவிந்திருக்கும். பின்னங்காலால் பின்னோக்கித் தள்ளுவதால், குவியலுக்கு எதிர்ப்பக்கமாக விலங்கு முகம் வைத்திருந்தது என்று கொள்ளலாம். சாய்ந்த பாறையின் அடிப்புறத்தில் சிறுநீர் பீய்ச்சிய கறையும் காட்டமான வாடையும் இருக்கும். தலைமுறை தலைமுறையாக ஒரே பாறையைப் பயன்படுத்துவதால் கறை எண்ணெய் தடவியதுபோல் மின்னும். தொடவோ துடைக்கவோ வேண்டாம். அவை ஒன்றுக்கொன்று விட்டுச்செல்லும் தகவல் அது.

இந்தத் தடங்களால் என்ன பயன்? எந்தப் பள்ளத்தில் நாளை காலை உட்கார வேண்டும் என்று அவை சொல்லும். சிறுத்தை இப்போது எங்கே இருக்கிறது என்று சொல்லாது. தடத்தைப் பின்தொடர்ந்து மேலே ஏறுவதால் அதைத் துரத்துவதைத் தவிர வேறெதுவும் நடக்காது.

அந்தி சாய்ந்த பிறகு வெளியே நின்று காது கொடுங்கள். பனிச்சிறுத்தை உறுமிக் கர்ஜிக்காது. இணையைத் தேடும் குரல் நீண்ட, தேய்ந்த ஓலமாக வரும். பள்ளத்தாக்கில் எதிரொலி திசையைக் குழப்பும். நூறு மீட்டர் இடைவெளியில் இருவர் நின்று தனித்தனியாகத் திசை காட்டினால் ஓரளவு தெளியும். மறுநாள் விடியலை அந்த முகட்டுக்கு ஒதுக்குங்கள்.

கண்டுபிடித்த அந்த நிமிடம்

பார்த்தவர் கண்ணை எடுக்கக் கூடாது. ஸ்கோப்பின் தலையை இறுக்கிப் பூட்ட வேண்டும். இன்னொருவர் இரண்டாவது ஸ்கோப்பை அதே இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். எல்லாருக்கும் தெரியும் அடையாளத்திலிருந்து வழி சொல்லுங்கள்: முகட்டில் இருக்கும் பள்ளம், அதற்கு நேர் கீழே பனித்திட்டு, அதன் இடது முனையிலிருந்து இரண்டு பாறை தள்ளி. அலைபேசியில் மலையைப் படம் எடுத்து அதில் விரல் வைத்துக் காட்டுவது இன்னும் வேகம். முதல் சுற்றில் ஆளுக்குப் பத்து நொடி. அனைவரும் பார்த்த பிறகு நிதானமாக இரண்டாம் சுற்று. ஸ்கோப்பைக் கையால் பிடித்துக்கொண்டு கண் வைக்காதீர்கள். ஒரு தட்டலில் இடம் தவறிவிடும்.

பிறகு அங்கேயே இருங்கள். இன்னும் கொஞ்சம் கிட்டப் போகலாம் என்ற ஆசை எல்லாருக்கும் வரும். பயணங்கள் கெடுவது அதனால்தான். படுத்திருக்கும் சிறுத்தை மாலையில் எழுந்து சோம்பல் முறித்து நடக்கத் தொடங்கும். காத்திருந்தவர்களுக்கு அது முழுதாகக் கிடைக்கும். அதற்கு மேலே ஏறுவதும், அது போகும் வழியை மறிப்பதும், இரு பக்கமும் ஆள் நிற்பதும் கூடவே கூடாது. தலை தூக்கி உங்களையே பார்க்கத் தொடங்கினால் அசையாமல் இருங்கள். ட்ரோன் வேண்டவே வேண்டாம். குளிர்காலத்தில் ஒரு இரையை விட்டு விரட்டப்பட்டால் அது மறுபடியும் வேட்டையாடிப் பிடிக்க எத்தனையோ நாள் ஆகலாம்; அந்தப் பசியில் கிராமத்து ஆட்டுப்பட்டியில் இறங்கினால் இழப்பு உங்களுக்குச் சோறு போட்ட வீட்டுக்கு.

கைடும் தங்கும் வீடும்

அதே பள்ளத்தாக்கில் பிறந்த கைடாகப் பாருங்கள். முன்பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை: எத்தனை ஸ்கோப், கைடைத் தவிர விடியற்காலையில் முன்னே போய்ப் பார்க்கும் ஆட்கள் எத்தனை பேர், வாக்கி டாக்கி உண்டா, குழுவில் எத்தனை பயணிகள். ஆறு பேருக்கு மேல் போனால் கூட்டம். கட்டாயம் பார்க்கலாம் என்று உறுதி தருகிறவரைத் தவிர்த்துவிடுங்கள்.

கூடாரத்தைவிட ஹோம்ஸ்டே நல்லது. சூடும் உண்டு; பணமும் ஊரில் தங்கும். தன் ஆடுகளைக் கொல்லும் விலங்கை ஒரு குடும்பம் பொறுத்துக்கொள்ள வேண்டுமானால் அந்த விலங்கால் அதற்கு வருமானமும் வர வேண்டும். ரும்பாக்கில் அப்படித்தான் நிலைமை மாறியது. குழாயில் தண்ணீர் உறைந்திருக்கும், கழிப்பறை மண் போட்டு மூடும் உலர் வகை, குளியலுக்கு வாய்ப்பு குறைவு. ரொட்டி, பருப்பு, சோறு, துக்பா என்ற நூடுல்ஸ் சூப் கிடைக்கும். ஊறுகாயும் பருப்புப்பொடியும் கொண்டுபோனால் பசி குறைந்த நாட்களில் கைகொடுக்கும். இரவில் தனியே நடக்காதீர்கள். லடாக்கில் தெருநாய்க் கூட்டங்கள் உண்மையான ஆபத்து.

இரண்டு நாள் ஒன்றும் தெரியாவிட்டால் வேறு பள்ளத்தாக்குக்கு மாறலாமா என்ற பேச்சு எழும். வேறெங்கோ தெரிந்ததாம் என்ற செய்தியும் வரும். பெரும்பாலும் மாறாமல் இருப்பதே சரி. மாறினால் அரை நாள் பயணத்தில் போகும். இங்கே படித்து வைத்த ஆட்டுக் கூட்டம், தடம், படுக்கை இடம் எல்லாம் வீணாகும். அங்கே போய்ச் சேரும்போது ஏற்கெனவே ஐம்பது பேர் நிற்பார்கள்.

தேடும்போது ஓநாயும் செந்நரியும் கண்ணில் படும், லின்க்ஸ் அபூர்வம். பல்லாஸ் பூனை வேண்டுமென்றால் அது தனிப் பயணம்: கிழக்கே சாங்தாங்கில் ஹான்லே பகுதி, 4,300 மீட்டர் உயரம், இதைவிடக் கடும் குளிர். திறந்த வெளியில் வண்டியிலிருந்து பார்ப்பதால் பூனையை வண்டியால் விரட்டும் பழக்கம் அங்கே பெரும் பிரச்சினை; சாலையை விட்டு இறங்க வேண்டாம் என்று ஓட்டுநரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பார்த்துவிட்டுத் திரும்பும்போது படங்களின் ஒரு பிரதியைக் கைடிடம் கொடுங்கள், தேதியும் நேரமும் சேர்த்து. உடம்பின் பக்கவாட்டிலும் நெற்றியிலும் உள்ள திட்டுகள் ஒவ்வொரு விலங்குக்கும் வேறு; மங்கலான படம்கூட எந்தச் சிறுத்தை எந்தப் பள்ளத்தில் இருந்தது என்று உள்ளூர்க்காரர்கள் கணக்கு வைக்க உதவும். சமூக ஊடகத்தில் போடுவதாக இருந்தால் இடத்தை லடாக் என்று மட்டும் குறிப்பிடுங்கள். கோப்பிலிருந்து ஜிபிஎஸ் தகவலை நீக்கிவிடுங்கள். இரை இன்னும் கிடக்கும் நாட்களில் எதையும் பதிவிட வேண்டாம்.